அசைபோடும் பாறையை எடுக்கச் சொன்ன நாள்

“…அதனால ரெண்டே வழிதான் சார். அந்தப் பாறைய எடுத்துடுங்க, இல்லன்னா அது மேல ஒரு விளம்பரத்த வச்சிடுங்க. ஆடு சும்மா நிக்கிறத பாக்கறதுக்கா ஜனங்க போன் வாங்குறாங்க? நாலு மணி பஸ்ஸுக்கு நான் கெளம்பணும். அதுக்குள்ள ஒண்ணு சொல்லிடுங்க” என்றார் முரளி. சொல்லிவிட்டு மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

முரளி எங்கள் கம்பெனியின் சென்னை அலுவலகத்தில் வியாபாரப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். நான் அப்போது செஞ்சிக் கிளைக்குப் பொறுப்பு. கிளை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். திருவண்ணாமலை சாலையில் ஒரு மெஸ்ஸுக்கு மேலே இரண்டு அறைகள், ஏழு பேர். பதினோரு மணியானால் கீழிருந்து ஏறி வரும் குருமா வாசனை ஏழு பேரையும் வேலையிலிருந்து கிளப்பிவிடும். அங்கே உட்கார்ந்துதான் ‘பாறையாடு’ என்ற போன் விளையாட்டைச் செய்துகொண்டிருந்தோம்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். “வியாபாரம்தான் சார் கேமையெல்லாம் கெடுத்துச்சு, இல்ல?” கேட்கும்போதே ‘ஆமாம்’ என்ற பதிலையும் என் வாயில் வைத்துவிடுகிறீர்கள். ஓய்வு பெற்றவன் பழைய காலத்தைப் புகழ்ந்து பேசுவான் என்று நினைப்பு. அந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. முரளி மடிக்கணினியைத் திருப்பி வைத்த அந்த நாளைப் பற்றிச் சொல்லத் தெரியும்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆடு. ஒரு பாறைக் குவியல். செஞ்சியைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும், லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது போலக் கிடக்குமே, அந்த மாதிரிப் பாறைகள். திரையை விரலால் அழுத்தி விட்டால் ஆடு தாவும். கணக்குத் தப்பினால் சறுக்கும். மேலே போகப் போக இடைவெளி கூடும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் இருபது இருபத்தைந்து தாவலுக்கு ஒருமுறை ஒரு தட்டைப் பாறை வரும். அதில் ஏறினால் ஆடு நின்றுவிடும். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு அசைபோடும். கழுத்து மணி ஒருதரம் கிணுங்கும். அங்கே புள்ளியும் இல்லை, பரிசும் இல்லை, ஓடும் கடிகாரமும் இல்லை. நீங்கள் அடுத்து எப்போது விரல் வைக்கிறீர்களோ அதுவரைக்கும் அது அங்கேயே நிற்கும். அலுவலகத்தில் அதற்கு அசைப்பாறை என்று பெயர்.

அந்தப் பாறை செல்வியின் யோசனை. தொண்டூர்ப் பெண். படிப்பு முடித்து முதல் வேலையாக எங்களிடம் வந்தவள், மூன்றே வருஷத்தில் விளையாட்டின் கட்டங்களை வகுக்கும் வேலை முழுவதையும் தன் கைக்குக் கொண்டுவந்துவிட்டாள். “எதுக்கும்மா இந்த வெட்டிப் பாறை?” என்று முதல் நாள் கேட்டேன்.

“எங்க ஊர் மலையில சமண முனிவருங்க படுக்கறதுக்குன்னே பாறையில படுக்கை வெட்டி வச்சிருக்குது சார், தலகாணியோட. மலைன்னா ஏறறதுக்கு மட்டுந்தான்னு எங்க ஊர்ல யாரும் நெனைக்கல” என்றாள்.

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் கற்றவன் இல்லை. கோர்ட்டுக்கு எதிரே கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் கம்ப்யூட்டரைத் தொட்டு, கடைசி அத்தியாயம் கிழிந்துபோன ஒரு புத்தகத்தை வைத்து நிரல் எழுதப் பழகி, சென்னைக்குப் போய் இந்தத் தொழிலில் நுழைந்தவன். எனக்குப் பாடமெல்லாம் ஆட்கள் பேசுகிற பேச்சுதான். யாராவது ஒன்றை நன்றாகச் சொல்லிவிட்டால் சட்டைப்பையில் இருக்கும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். செல்வி சொன்னதையும் எழுதினேன். பாறையும் விளையாட்டுக்குள் வந்தது.

வியாபாரப் பிரிவைப் பற்றி இங்கே ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். பாறையாட்டை முதலில் நாங்கள் எப்படி வைத்திருந்தோம் தெரியுமா? பின்னால் மரங்கள், மேகங்கள், ஒரு வண்ணத்துப்பூச்சிக் கூட்டம், புல்லாங்குழல், வயலின். முரளி பார்த்தார். “சார், நம்ம ஆளுங்க போன்ல கல்யாண வீடியோவும் குட்மார்னிங் படமும் ஏற்கெனவே ரொம்பி வழியுது. அதுல மிச்சம் இருக்கிற சந்துல நம்ம ஆடு நுழையணும். பாதியா வெட்டுங்க” என்றார். வெட்டினோம். படம் வரைகிற பையன் இரண்டு நாள் எங்களோடு சாப்பிட வரவில்லை. மரம் போயிற்று, மேகம் போயிற்று, வயலினும் போயிற்று. கடைசியில் பாறை, வானம், ஆடு, மணி, இவை நான்கும்தான் மிஞ்சின. அப்போதுதான் கண் திறந்த மாதிரி இருந்தது. திரை முழுக்கப் பாறையும் வானமுமாக அவ்வளவு அழகு. பாட்டு இல்லாததால் மணிச் சத்தம் தனியாகக் கேட்டது. அடுத்த பாறை பக்கத்தில் இருந்தால் மணி ஒரு மாதிரியும், தூரத்தில் இருந்தால் வேறு மாதிரியும் கிணுங்கும்படி செல்வி மாற்றினாள். காதை வைத்தே தாவலாம் என்றாகிவிட்டது. வியாபாரத்தின் நெருக்கடி இல்லாவிட்டால் அந்த மணி வயலினுக்கு அடியில் கிடந்து செத்திருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், நெருக்கடி என்றாலே கெடுதல் என்று எழுதி வைத்துவிடாதீர்கள். கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் செய்தவன் நானே என்பதால் எனக்கு அந்த இடம் தெரியும்.

சென்னைக்குப் போன புதிதில் ஒரு பஸ் விளையாட்டு செய்தேன். டவுன் பஸ். ரோட்டில் காயும் நெல்லின் மேல் ஏற்றாமல் போகவேண்டும், கோழி குறுக்கே வரும், கல்யாண ஊர்வலம் வரும், ஹாரனை அதற்குத் தக்கபடி அடிக்கவேண்டும். சிரித்துக்கொண்டே செய்த வேலை. வியாபாரப் பிரிவிலிருந்து ஒரே ஒரு வரி வந்தது: ஜனங்கள் தினமும் திரும்பி வருகிற மாதிரி இருக்கவேண்டும். அவ்வளவுதான் கேட்டார்கள். அந்த வருஷம், ஒரே நிறத்தில் மூன்றை வரிசையாக வைத்தால் வெடிக்கும் விளையாட்டு உலகமெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு உதறல். யாரும் சொல்லாமலே என் பஸ்ஸை நிறுத்தி, பெயின்ட் அடித்து, மூன்று சிவப்பு பஸ், மூன்று பச்சை பஸ் என்று வரிசை கட்டி வெடிக்க வைத்தேன்.

எங்கள் குழுவுக்குத் தலைவராக ஒருவர் இருந்தார். பெயர் எழுதினால் கோபித்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன். அவர் அதை ஐந்து நிமிஷம் ஆடிப் பார்த்துவிட்டு, “ஜனங்க திரும்பி வர மாதிரி ஒண்ணு செய்யச் சொன்னாங்க. நீ ஏற்கெனவே வந்ததத் திரும்பிச் செஞ்சிருக்க” என்றார். திட்டக்கூட இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

விளையாட்டு வெளிவந்தது. என் அக்கா போன் செய்து, “ரொம்ப நல்லா இருக்குதுடா, ஒரு வாரமா இதே வேலையாத்தான் இருக்கிறேன்” என்று பாராட்டினாள். ஊருக்குப் போனபோது காட்டச் சொன்னேன். ஒரு வாரமாக அவள் ஆடிக்கொண்டிருந்தது வேறு ஏதோ கம்பெனியுடையது. கூடப்பிறந்தவளுக்கே அடையாளம் தெரியாத மாதிரி ஒரு பொருளைச் செய்திருக்கிறேன் என்று அன்றைக்குப் புரிந்தது. வியாபாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. நான் பயந்துபோய்ப் பக்கத்து பெஞ்சுக்காரன் தாளை எட்டிப் பார்த்து எழுதிவிட்டேன்.

பெரிய தேசங்களில் பெரிய கம்பெனிகள் ஒரே விளையாட்டுக்கு நாலாம் பாகம், ஐந்தாம் பாகம் என்று போடுவதைப் பார்த்து நீங்கள் கேலி செய்கிறீர்கள். ஒரு ஊரே உட்கார்ந்து வேலை செய்கிற அளவுக்கு ஆள் வைத்துக்கொண்டு, இது ஓடாவிட்டால் அத்தனை பேர் வீட்டிலும் உலை ஏறாது என்ற நிலைமையில், யாருக்கு வரும் புதுசு செய்யும் தைரியம்? எனக்கு ஒரு பஸ்ஸுக்கே வரவில்லை. நன்றாகக் கேலி செய்யுங்கள். ஆனால் அந்த நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

சரி, முரளிக்கு வருகிறேன்.

பாறையாட்டைச் சில தாலுகாக்களில் மட்டும் மூன்று மாதம் சோதனையாக விட்டிருந்தோம். யார் எங்கே தாவுகிறார்கள், எங்கே வெளியே போகிறார்கள் என்ற விவரமெல்லாம் சென்னைக்குப் போகும். முரளி காட்டிய படத்தில் ஒவ்வொரு அசைப்பாறையிலும் கம்பம் நட்டது போல ஒரு கோடு உயர்ந்து நின்றது. விளையாட்டை மூடிவிட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் அந்தப் பாறையில்தான் போயிருந்தார்கள். கம்பங்களுக்கு மேலே இருந்த ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘கைவிட்டவர்கள்’.

“ஹெட் ஆபீஸ்ல இதப் பாத்துட்டுத்தான் சார் அனுப்பி வச்சாங்க. இத சரி பண்ணலன்னா ஆட்ட மூட்ட கட்டிடுவாங்க. செஞ்சி ஆபீஸும் அதோட சரி. உங்க ஏழு பேரையும் சென்னையில வேற வேற வேலையில போட்டுடுவாங்க” என்றார்.

முரளியைக் கெட்டவராக நினைக்காதீர்கள். சோதனை வெளியீட்டுக்காக மேலிடத்தில் சண்டை போட்டவரே அவர்தான். வரும்போது திண்டிவனத்தில் இறங்கி எங்கள் எல்லோருக்கும் முறுக்கு வாங்கி வந்திருந்தார். அதைத் தின்றுகொண்டேதான் அந்தக் கம்பங்களைப் பார்த்தேன். நாக்கில் ருசி தெரியவில்லை.

செல்வியைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனேன்.

“எல்லாப் பாறையிலயும் வேணாம் செல்வி. ஒரு ரெண்டு பாறையில மட்டும் விளம்பரம் வைப்பமா?”

“ரெண்டு பாறையில வச்சா மூணாவது பாறையில ஏறும்போதே பயமா இருக்கும் சார். அப்புறம் அது அசைப்பாறையா, கண்ணிவெடியா?”

“ஏழு பேரு வேலைம்மா இது.”

“தெரியும் சார். அதுல ஒண்ணு என்னுது. வைக்கணும்னா நானே உக்காந்து சுத்தமா வச்சுக் குடுத்துடறேன். பாதியில வுட்டுட்டுப் போமாட்டேன். ஆனா அதுக்கு மறுநாள் வரமாட்டேன்.”

“கோவமா?”

“கோவம்லாம் இல்ல சார். எங்க நைனா தெனமும் கேப்பாரு, இன்னிக்கு இன்னாம்மா செஞ்சேன்னு. ஆடு அசைபோடற எடத்துல குறுக்க போய் நின்னு சோப்பு வித்தேன்னு அவராண்ட சொல்ல முடியாது.”

அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பாறையை விட்டால் அவள் போய்விடுவாள், பாறையைப் பிடித்துக்கொண்டால் கிளை போய்விடும். முரளியிடம் போய், “கீழ மெஸ்ல சாப்டலாம் வாங்க, அப்புறம் பேசிக்கலாம்” என்றேன். நெருக்கடியில் நான் எடுத்த முதல் முடிவு அதுதான், சாப்பாடு.

சாப்பிடும்போதே என் முடிவு ஆகிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்துக்குச் சரி என்று சொல்லிவிடுவது என்றுதான் முடிவு செய்தேன். ஆறு பேரைக் காப்பாற்றலாம், செல்வியை எப்படியாவது சமாதானப்படுத்தலாம் என்று கணக்கு. பஸ்ஸில் ஏற்றிவிடும்போது சொல்லலாம் என்று வாக்கியத்தைக்கூட மனசுக்குள் கட்டி வைத்திருந்தேன்.

பிறகு இந்தக் கதை அலுவலகத்தில் பரவியபோது, நான்தான் தந்திரமாக முரளியைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய்ப் பாடம் நடத்தினேன் என்று சொல்லிக்கொண்டார்கள். எனக்கு அவ்வளவு மூளை இல்லை. அன்றைக்கு அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் ஊரை அடைத்துவிடும், ஆட்டோ கிடைக்காது, சென்னை பஸ்ஸில் இடம் பிடிப்பது கஷ்டம். அதனால்தான் மூன்று மணிக்கே கிளம்பி நடந்தோம். செல்வியும் வந்தாள். விருந்தாளியை வழியனுப்பாமல் இருக்க அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ் வந்து நிற்கும் முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். முரளி பையை மார்போடு அணைத்துக்கொண்டு, “என்ன சார் இது, ஊருல ஏதாவது கலாட்டாவா?” என்றார்.

“அமாவாச சார். ஒவ்வொரு மாசமும் வரும்” என்றாள் செல்வி.

தூணோரம் சிமென்ட் பெஞ்சில் ஓர் இடம் காலியாயிற்று. முரளியை உட்கார வைத்தோம். அப்போது கேட்டது, கிணிங் என்று ஒரு மணி. மூன்று பேரும் ஒரே சமயத்தில் திரும்பினோம். எங்கள் ஆட்டின் மணி.

முரளிக்குப் பக்கத்தில் மஞ்சள் புடவை கட்டிய ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். மடியில் பூஜைக் கூடை, கையில் போன். திரையில் எங்கள் ஆடு தாவிக்கொண்டிருந்தது. முரளி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நாங்கள் மூவரும் மூச்சு விடாமல் பார்த்தோம். நல்ல கை. ஐந்தாறு தாவலில் தட்டைப் பாறைக்கு வந்தார். ஆடு நின்றது, தலையைச் சாய்த்தது. அந்த அம்மாள் போனை அணைத்துச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.

முரளி என் காதருகில் வந்து, “பாத்தீங்களா சார், கண்ணு முன்னாடியே போயிட்டாங்க” என்றார். குரலில் ஜெயித்த சந்தோஷம் இல்லை, வருத்தம்தான். பிறகு அந்த அம்மாளிடம், “ஏன்க்கா மூடிட்டீங்க? போரடிக்குதா?” என்று கேட்டார்.

“போரா? இன்னாத்துக்குப் போரு? பஸ் வர நேரம், ஆட்ட கட்டிட்டேன்.”

“கட்டிட்டீங்களா?”

“ஆமா. அந்தப் பாறையில கட்டிட்டேன்.”

“அதுல கயிறே கெடையாதேக்கா.”

அவர் முரளியை மேலும் கீழும் பார்த்தார். “கயிறு இருந்தாத்தான் கட்டறதா? மேயற எடத்துல வுட்டா அது எங்கயும் போவாது. நடுவுல செங்குத்தா நிக்கும்போது வுட்டுட்டு எப்பிடி சார் பஸ் ஏறுறது? வுழுந்துடும்ல.”

செல்வி குறுக்கே வந்தாள். “விழாதுக்கா. எந்த எடத்துல மூடினாலும் ஆடு அதே எடத்துலதான் நிக்கும்.”

“அது உனக்குத் தெரியும். ஆட்டுக்குத் தெரியுமா?” என்றார் அந்த அம்மாள்.

பெஞ்சின் மறுமுனையில் துண்டைத் தலையில் கட்டியிருந்த ஒரு பெரியவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். “அஞ்சல, நீயும் அந்த ஆட்டதான் ஓட்டறியா? நம்முளுது ரெண்டு நாளா கட்டியே கெடக்குது. அறுப்பு முடிஞ்சிதான் அவுக்கணும்” என்றார்.

“எந்தப் பாறையில கட்டி இருக்கிற?”

“ஆறாவதுல.”

“நான் ஒம்போதாவது” என்றார் அஞ்சலை. பெரியவர் பேச்சை அதோடு நிறுத்திக்கொண்டார்.

செல்வியைப் பார்த்தேன். வாய் திறந்தபடி நின்றாள். அந்தப் பாறையை யோசித்தவள் அவள், ஆடு வளர்த்த வீட்டில் பிறந்தவள், அவளுக்கே இந்த வார்த்தை தெரிந்திருக்கவில்லை. மூன்று மாதமாக எங்கள் மெஸ்ஸிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஜனங்கள் ஆட்டைக் கட்டிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். நாங்கள் மாடியில் உட்கார்ந்து, சென்னைக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிற கம்பங்களைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தோம். ஊர்ப்பேச்சை நோட்டுப் போட்டுப் பொறுக்குகிறவன் என்று பெருமை பேசுகிற நான், எங்கள் விளையாட்டை ஆடுகிற ஒருவரிடம்கூட வாய் கொடுத்துப் பேசவில்லை. முரளியின் எண்கள் சரியானவைதான். தலைப்புதான் யாரோ ஆட்டைப் பார்க்காதவர் வைத்தது.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இந்த இடத்தில்தான் இருக்கிறது. வியாபாரப் பிரிவோடு எங்களைப் போல ஆட்கள் போடும் சண்டையில் பாதி, இரண்டு பக்கமும் ஆடுகிறவரைப் பார்க்காமல் போடுகிற சண்டை. அவர்கள் எண்ணைக் காட்டுவார்கள், நாம் கலை என்போம். இரண்டு பேருக்கும் நடுவில் அஞ்சலை உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பார்.

முரளி விடவில்லை. வியாபாரக்காரர் எப்படி விடுவார்? “அக்கா, நீங்க ஆட்ட கட்டுற நேரத்துல அங்க ஒரு விளம்பரம் வந்துச்சுன்னா?”

“எவ்ளோ நேரம்?”

“அரை நிமிசம்.”

அஞ்சலை யோசித்தார். எங்கள் ஏழு பேரின் பிழைப்பும், செல்வியின் மறுநாளும் அந்த அம்மாளின் வாயில் நின்றன. அவருக்கு அது தெரியாது. கூடையிலிருந்த எலுமிச்சம்பழத்தைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: “அப்ப அந்தப் பாறைக்கே போவமாட்டேன். நடுவழியிலயே மூடிடுவேன். அப்புறம் அத தொறந்து பாக்க மனசு வராது சார். வுழுந்து கெடக்குதோ இன்னாவோன்னு இருக்கும். வேற எதுனா ஆடிட்டுப் போயிடுவேன்.”

முரளியின் முகத்தில் ஏதோ மாறியது. ‘மனசு வராது’ என்றபோது மாறவில்லை. ‘வேற எதுனா’ என்றபோது மாறியது. அதற்காக நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். அந்தச் சொல்லைக் கேட்கத்தான் அவருக்குக் காது வளர்ந்திருந்தது. நல்ல காது.

“அப்ப விளம்பரமே வேணாங்கறீங்க.”

“வேணாம்னு நான் எப்ப சொன்னேன்? நீங்களும் பொழைக்கணும் இல்ல. காலையில ஆட்ட அவுக்கும்போது போடு. அவுக்கறப்ப எப்பிடியும் செத்த நேரம் ஆவும். கட்டும்போது போடாத, கட்டும்போது பஸ் வந்துடும்.”

சொல்லி முடிக்கவில்லை, பஸ் வந்தேவிட்டது. மலையனூர், மலையனூர் என்று சத்தம். அஞ்சலை கூடையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தார். பெரியவர் அவருக்கு முன்னாலேயே படியில் தொங்கிக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷத்தில் பெஞ்சே காலி.

நான் மனசுக்குள் கட்டி வைத்திருந்த வாக்கியம் வெளியே வரவே இல்லை. முரளி காலியான பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்தார். வெயிலில் திரை தெரியவில்லை. செல்வி தன் துப்பட்டாவை அதன் மேல் பந்தல் போலப் பிடித்தாள்.

“அசைப்பாறையில போனவங்கள மட்டும் தனியா எடுக்கறேன். மறுநாள் திரும்பி வந்தாங்களான்னு பாக்கலாம். இத நான் பாக்கவே இல்ல சார். கேக்கணும்னே தோணல” என்றார்.

பட்டியல் மெதுவாக வந்தது. பஸ் ஸ்டாண்டில் சிக்னல் அப்படி. முரளி உதட்டை அசைத்தபடி படித்துக்கொண்டே போனார், ஒரு வரி, இன்னொரு வரி. நடுவழியில் வேறு பாறைகளில் மூடிவிட்டுப் போனவர்களில் அதிகம் பேர் திரும்பவில்லை. அசைப்பாறையில் மூடியவர்கள் மறுநாள் வந்திருந்தார்கள். சிலர் மூன்றாம் நாள். ஒருத்தர் பதினைந்து நாள் கழித்து வந்து அதே பாறையிலிருந்து தாவியிருந்தார்.

“கோயிலுக்கு மால போட்டிருப்பாரு” என்றாள் செல்வி.

முரளி சிரிக்கவில்லை. கம்பங்கள் இருந்த படத்துக்குப் போனார். தலைப்பின் மேல் விரலை வைத்து இழுத்து, ஆங்கிலத்தில் இருந்ததை முழுக்க அழித்தார். தமிழ் எழுத்துக்கு மாற்றினார். அந்தக் கோப்பு முழுவதும் ஆங்கிலம், பார்க்கப்போகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்கவே வராது. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஒரே விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்.

“செல்வி, ‘கட்டிட்டு’க்கு எத்தன ‘ட்’டும்மா?”

“ரெண்டு சார்.”

‘ஆட்டைக் கட்டிட்டுப் போனவங்க’ என்று தலைப்பில் எழுதினார். அதற்குக் கீழே ஹெட் ஆபீஸுக்கு இரண்டே வரி: பாறை அப்படியே இருக்கும், விளம்பரம் அவிழ்க்கும்போது மட்டும். எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். என் பக்கம் திரும்பி, சரியா சார் என்று கேட்பார் என்று நான் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்காமலே அனுப்பிவிட்டார்.